அத்தாயிக்குக் காட்டிய கடல்

செங்கோடன் அண்ணனுக்கு நாற்பத்தேழு வயது. அதில் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர்களுக்குக் கொல்லிமலையைச் சுற்றிக் காட்டியே போய்விட்டது. சனி, ஞாயிறு காலையில் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் அவரைப் பார்க்கலாம். காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, கடைவாயில் எப்போதும் ஒரு மிளகு. ஈரோட்டிலிருந்தோ கரூரிலிருந்தோ ஒரு கார் எழுபது வளைவும் ஏறி வந்து, தலைசுற்றலோடு ஒரு குடும்பம் இறங்கினால் முதலில் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். "அஞ்சு நிமிசம் உக்காருங்க. மலை எங்கயும் ஓடிராதுங்க" என்பார். அப்புறம்தான் அருவி, கோயில், மிளகுத் தோட்டம் எல்லாம்.

பொய் சொல்லத் தெரியாத கைடு. அருவிக்கு எத்தனை படி என்று கேட்டால் மற்ற கைடுகள் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வார்கள். இவர் மட்டும், "ஒவ்வொரு தடவையும் எண்ணிட்டுத்தானுங்க எறங்குவேன், பாதியில யாராச்சும் பேச்சுக் குடுத்தா மறந்துருது" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவருக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாது.

சுற்றிக் காட்டுவதெல்லாம் முடிந்து கடைசியாக, கிழக்குப் பார்த்த ஒரு பாறைக்குக் கூட்டிக்கொண்டு போவார். கடைசி அரைக் கிலோமீட்டர் முள்ளுக்குள் நடக்க வேண்டும் என்பதால் வேறு யாரும் அங்கே ஆள் கூட்டிப் போவதில்லை. மேலே ஏறி நின்றால் துறையூர்ப் பக்கத்துச் சமவெளி முழுக்கக் காலடியில் கிடக்கும். அதற்கு அப்பால் பச்சைமலை. பச்சைமலை இறங்கி முடிகிற இடத்துக்கு வலது பக்கத்தில், மழை பெய்து ஓய்ந்த நாட்களில், வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு நீலக் கோடு தெரியும். செங்கோடன் அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "யாரும் சத்தம் போடாம அதா, அங்க பாருங்க. அந்தக் கோடு தெரியுதுங்களா? அதுதானுங்க கடல்."

அவருக்கு இதை யார் சொன்னார்கள் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. சின்ன வயதில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம்பினார். நம்பியதைச் சொன்னார்.

நான் மெர்சி. ஊர் கடலூர். நான்கு வருடமாக மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் அம்மாவே சொல்வார்கள். கடல் மேல் எனக்குப் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. பிறந்ததிலிருந்து பார்க்கிறதுதானே. துவைத்த துணி பிசுபிசுவென்று காயாமல் கிடக்கும், சைக்கிள் வாங்கிய வருஷமே துருப்பிடிக்கும், புயல் என்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். எனக்குத் தெரிந்த கடல் அவ்வளவுதான்.

செங்கோடன் அண்ணனுக்கு அத்தாயி என்று ஒரு தங்கை இருந்தார். முப்பத்தாறு வயது. நெஞ்சில் வால்வு கோளாறு. சின்ன வயதிலேயே கவனித்திருந்தால் சரிபண்ணியிருக்கலாம், சேலத்துக்குக் கூட்டிப் போனபோது காலம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டிலேயே இருந்தார். மாதம் இரண்டு தடவை நான் பார்க்கப் போவேன். நான் கடலூர்க்காரி என்று தெரிந்த நாளிலிருந்து அத்தாயிக்கு ஒரே கேள்விதான். டிவியில் பார்த்திருக்கிறார் போல.

"நர்சம்மா, உங்கூருத் தண்ணிக்கு அக்கரையே இல்லீங்களாமா? நெசமுங்களா?"

"ஆமாம்" என்பேன், கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே.

"அக்கரை இல்லாம எப்படீங்க தண்ணி நிக்கும்?"

"அது நிக்கும். நீங்க பேசாம இருங்க, அளவு தப்பாக் காட்டும்."

போன ஆனி மாதம் செங்கோடன் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். "ஒரே ஒரு தடவ புள்ளயக் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தர்லாமுங்களா?" என்று கேட்டார். நான் சத்தம் போட்டேன். "எழுபது வளைவு இறங்கி, எட்டு மணி நேரம் பஸ்ல உக்காந்து போற உடம்பா அது? வழியில ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? கடலாம் கடல். பேசாம போங்கண்ணா." அவர் பேசாமல்தான் போனார். ஆடி மாதம் பதினோராம் தேதி விடியற்காலையில் அத்தாயி தூக்கத்திலேயே போய்விட்டார்.

டிசம்பர் முதல் வாரம் என் சித்தி மகள்கள் இரண்டு பேர் கொல்லிமலை பார்க்க வந்தார்கள். செங்கோடன் அண்ணனைத்தான் கூப்பிட்டேன். கடைசியில் அந்தப் பாறைக்குக் கூட்டிப் போனார். நான் அதற்கு முன் அங்கே போனதில்லை. அவர் வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தி, கையை நீட்டி, கடல் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கியிருக்கலாம். அடக்குகிற வாயா என்னுடையது? "அண்ணா, யாருகிட்ட கடல் காட்றீங்க? நான் கடல்லயே பொறந்தவ. இங்கேருந்து கடல் நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல. அது ஏதாவது ஏரித் தண்ணியா இருக்கும், இல்லன்னா வெறும் புகைமூட்டம்" என்றேன். சித்தி மகள்களும் சிரித்தார்கள்.

செங்கோடன் அண்ணன் நீட்டிய கையை இறக்கவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, அத்தாயிக்கு நான் காட்டினது?"

எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் சொன்னார். நான் போகக் கூடாது என்று சொன்ன மறு வாரம், ஜீப்பில் படுக்க வைத்து, கடைசி அரைக் கிலோமீட்டரை முதுகில் சுமந்து, தங்கையை இந்தப் பாறைக்குக் கொண்டுவந்திருக்கிறார். அன்றைக்குக் கோடு நன்றாகத் தெரிந்ததாம். அத்தாயி அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். "கண்ணுல தண்ணி உட்டுருச்சுங்க புள்ள. பாத்துட்டேன் போதும்னு சொல்லுச்சு" என்றார்.

என் சித்தி மகள்கள் சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். நான் என்னென்னவோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். ஒருவேளை தெரியலாம், எனக்கென்ன தெரியும், நான் என்ன அளந்தா பார்த்தேன் என்றெல்லாம் உளறினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இருட்டுறதுக்குள்ள எறங்கிரலாமுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பாறைக்கு யாரையும் கூட்டிப் போகவில்லை. மூன்றாவது வாரம் அவர் மனைவி அம்சவேணி அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, என்னைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

"நர்சம்மா, இவருக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. ஊட்ல யாருகிட்டயும் பேச்சில்ல. சாகப் போற புள்ளைக்குப் பொய்யக் காட்டி அனுப்பிட்டேனேன்னு ஒரே பொலம்பல். நேத்து என்ன சொன்னாரு தெரியுமுங்களா? கடலுக்குப் போய் நின்னு திரும்பிப் பாக்கோணுமாம். அங்கிருந்து நம்ம மலை தெரிஞ்சா, இங்கிருந்து பாத்தது கடல்தானாம். என்னங்க கணக்கு இது?"

எனக்கு அந்தக் கணக்கு சரியாகத்தான் பட்டது. அவரைக் கெடுத்தது என் வாய். சரிசெய்ய வேண்டியதும் நான்தான் என்று தோன்றியது. புது வருடம் பிறந்த வாரக் கடைசியில் நாங்கள் மூன்று பேரும் கடலூரில் எங்கள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முந்தின நாள் என் சித்தப்பா மகன் ஜான்பீட்டருக்கு போன் பண்ணினேன். அவன் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். வாரநாளில் மீன், லீவு நாளில் டூரிஸ்டுகள். "ஒரு அண்ணனக் கூட்டிட்டு வரேன். நடுக்கடல்ல வச்சு, மழை விட்ட நாள்ல இங்கேருந்து கொல்லிமலை தெரியும், நானே பாத்துருக்கேன்னு சொல்லணும். அவ்வளவுதான்" என்றேன். "இதென்ன பெரிய விஷயமா? விடுக்கா" என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செம்மேட்டில் பஸ் ஏறினோம். சீசன் நேரத்தில் செங்கோடன் அண்ணன் மலையை விட்டு இறங்குவதைப் பார்த்து கண்டக்டரே ஆச்சரியப்பட்டார். அம்சவேணி அக்கா என் அம்மாவுக்கென்று ஒரு பை மிளகும் இரண்டு அன்னாசியும் மடியில் வைத்திருந்தார். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வந்ததும் செங்கோடன் அண்ணன் ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்தார். சேலத்தில் பஸ் மாறிய பிறகும் அப்படித்தான். ஆத்தூர் தாண்டியும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். சின்னசேலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நேராகத் திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை என் அம்மா காபி கொடுக்கும்போது செங்கோடன் அண்ணன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "ஏனுங்கம்மா, பக்கத்துல அருவி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அம்மாவுக்குப் புரியவில்லை. "அருவியா? இங்க ஏதுப்பா அருவி?"

"ராத்திரி பூரா சத்தம் கேட்டுட்டே இருந்துச்சுங்க. எங்கூரு அருவி உழுந்தா ஒரே மூச்சா உழுகும். இது நின்னு நின்னு உழுகுது. அதான் என்ன அருவியோன்னு."

நான் சிரிக்கவில்லை. அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. "வாங்கண்ணா, காட்றேன்" என்று கூட்டிப் போனேன்.

எங்கள் தெருக் கோடியில் ஐஸ் ஃபேக்டரி சுவர் முடிந்தால் மணல். மணல் மேட்டில் ஏறினால் கடல். முன்னால் போன அம்சவேணி அக்கா மேட்டில் கால் வைத்ததும் அப்படியே நின்று, இரண்டு அடி பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது, தண்ணி மேட்டுல நிக்குது!"

"மேட்டுலயா?"

"பாருங்க நர்சம்மா. நாம கீழ நிக்கறோம், அது எவ்வளவு ஒசரத்துல நிக்குது. நம்ம மேல சரிஞ்சுராதுங்களா?"

முப்பத்து நான்கு வருடத்தில் எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அவர் சொன்னபிறகு பார்த்தேன். உண்மைதான். தொலைவில் கடல் என் கண் மட்டத்துக்கு எழுந்து நின்றது. மலைக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் எப்போதும் கீழே, பள்ளத்தில் கிடப்பது. மேலேயிருந்து எட்டிப் பார்க்கிற சாமான். எதிரே எழுந்து நிற்கிற தண்ணீரை அவர்கள் எங்கே பார்த்தார்கள்?

செங்கோடன் அண்ணன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை தலையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். மறுபடி வலமிருந்து இடம். வாய் லேசாகத் திறந்திருந்தது. எத்தனை பேரை அவர் அப்படி வாய் பிளக்க வைத்திருப்பார்! அவரே அப்படி நிற்பதைப் பார்த்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது.

பத்து மணிக்குப் படகு ஏறினோம். ஜான்பீட்டர் மூன்று பேருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டான். ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் அலை எதிர்த்து வந்து படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அம்சவேணி அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "சாமி, பிரேக் புடிக்காத டிரைவரு பஸ்ஸாட்டம் இருக்குது" என்று கத்தினார். அதைத் தாண்டியதும் அலை அடங்கிவிட்டது. படகு நேராக ஓடியது. ஒரு வளைவும் இல்லை. ஹாரனும் இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப்போய் ஜான்பீட்டர் எஞ்சினை நிறுத்தினான்.

எஞ்சின் நின்றதும் அப்படி ஒரு அமைதி இறங்கியது. தண்ணீர் படகின் பக்கத்தில் தட்டுகிற சத்தம் மட்டும்தான். நாலு பக்கமும் கருநீலம். செங்கோடன் அண்ணன் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இதற்காகத்தானே வந்தார்.

மேற்கே கரை தெரிந்தது. தென்னை மரமெல்லாம் புல்லாகி, புல்லும் கலந்து, வெறும் கோடாகியிருந்தது. அதற்கு மேலே வெளுத்த வானம். வேறு எதுவும் இல்லை. மலையும் இல்லை, மலையின் நிழலும் இல்லை. அவர் கண்ணுக்கு மேலே கையை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

நான் ஜான்பீட்டரைப் பார்த்தேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"என்னண்ணே, உங்க மலையத் தேடுறீங்களா? இன்னிக்கு மூட்டமா இருக்கு. மழை விட்ட மறுநா காலையில வந்தீங்கன்னா அதோ அங்க நல்லாத் தெரியும். நானே எத்தினியோ தடவ பாத்துருக்கேன்."

செங்கோடன் அண்ணன் அவனைத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்படீங்களா தம்பி? எங்க மலை எப்படித் தெரியுமுங்க?"

ஜான்பீட்டருக்கு நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. "எப்படின்னா, கோபுரம் மாதிரிண்ணே. உச்சி கூரா, தனியாத் தெரியும்" என்றான்.

கொல்லிமலைக்குக் கூரான உச்சியே கிடையாது. மேலே தட்டையாகப் பரந்து கிடக்கிற மலை அது. அதனால்தான் அத்தனை ஊரும் வயலும் மேலேயே இருக்கின்றன. காளப்பநாயக்கன்பட்டியில் நின்று பார்க்கிற சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். செங்கோடன் அண்ணன், "ரொம்ப சந்தோசமுங்க தம்பி" என்றார். பிறகு கிழக்கே திரும்பி உட்கார்ந்தார்.

"இந்தத் தண்ணி எங்க போய் முடியுதுங்க?" என்று கேட்டார்.

"நேராப் போனா அந்தமான். கப்பல்ல மூணு நாள் ஆகும்."

"அதுக்கு அக்கட்ட?"

ஜான்பீட்டர் இப்போது உண்மை பேசினான். "அதுக்கப்புறமும் தண்ணிதாண்ணே. எங்களுக்கே முழுசாத் தெரியாது. நாங்க போறதெல்லாம் இதுல ஓரம்தான். எங்க தாத்தா காலத்துலேருந்து இதுலதான் கெடக்கோம், ஆனா ஓரத்தத் தாண்டுனதில்ல."

"அடேங்கப்பா" என்றார் செங்கோடன் அண்ணன். இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும், "அடேங்கப்பா" என்றார். அம்சவேணி அக்காவின் கண் நிறைந்திருந்தது. ஏன் அழுகிறீர்கள் என்றேன். "தெரியலீங்க. பெருசா இருக்குது" என்றார்.

அன்று சாயங்காலம் சில்வர் பீச்சுக்குப் போனோம். விடுமுறைச் சனிக்கிழமை, கேட்க வேண்டுமா? ஊரே அங்கேதான். மிளகாய் பஜ்ஜிக் கடையில் எண்ணெய் கொதிக்கிற வாசனை, பலூன் சுடுகிற துப்பாக்கிச் சத்தம், குதிரை மேல் ஏற்றிவிட்டதும் அலறுகிற குழந்தைகள். அம்சவேணி அக்கா ராட்டினத்தில் ஏறியே தீருவேன் என்று ஏறி, இறங்கி, எழுபது வளைவைவிட இது ஒன்றும் பெரிதில்லை என்று தீர்ப்புச் சொன்னார். குதிரைக்காரர் ஒருவர் ஒரு குடும்பத்திடம் விடாமல் பேசிக்கொண்டிருப்பதை செங்கோடன் அண்ணன் தொழில்காரக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். "முதல்ல கொழந்தைக்குக் குதிரையத் தொடக் குடுத்துட்டாருங்க. இனி அவங்க தப்பிக்க முடியாது" என்று சிரித்தார். அவர் சிரித்தே ஒரு மாதம் ஆகிறது.

மணலில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றோம். பேப்பரைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார், "உங்க தம்பி நல்ல மனுசருங்க."

"யாரு, ஜான்பீட்டரா?"

"ஆமாங்க. நீங்கதான் அவர அப்படிச் சொல்லச் சொன்னீங்கன்னு தெரியுமுங்க. எனக்காகச் சொன்னீங்க. இருபத்திரண்டு வருசம் இதே வேலை பாத்தவனுங்க நானு. ஆளு மனசு நோகாம இருக்கறதுக்குச் சொல்ற பேச்சு எது, கண்ணுல பாத்ததச் சொல்ற பேச்சு எதுன்னு தெரியாதுங்களா?"

எனக்கு மணலுக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. "மன்னிச்சுருங்கண்ணா" என்றேன்.

"அட, அதெல்லாம் என்னத்துக்குங்க. எனக்குச் சின்னசேலத்துலயே தெரிஞ்சு போச்சு. அங்கயே மலை மறைஞ்சுருச்சு. கடலு இன்னும் எங்கயோ இருந்துச்சு. அப்பவே எறங்கித் திரும்பிரலாமான்னு பாத்தேன். அப்புறம் நெனச்சேன், அத்தாயிக்குக் காட்டினது கடல் இல்லன்னா, கடல்ங்கறது எதுன்னு நானாச்சும் பாத்துட்டுப் போகோணுமில்லீங்களா?"

பின்னால் ஊருக்குள் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ "நிலா, நிலா" என்று கத்தினார்கள். பௌர்ணமி என்பதையே மறந்திருந்தேன். கடல் முடிகிற இடத்தில் முதலில் ஒரு செம்மண் நிறத் துண்டு தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஏறியது. பாதி வந்தது. முழுசாக வந்தது. இவ்வளவு பெரிய நிலாவை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னால் அது பொய். நூறு தடவை பார்த்திருப்பேன். ஆனால் அன்றைக்கு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

செங்கோடன் அண்ணன் எழுந்தார். தண்ணீர் காலைத் தொடுகிற இடம்வரை போய் நின்றார். கையை நீட்டினார். செம்மேட்டில் எத்தனையோ பேரை நிறுத்திவைத்துப் பேசுகிற அதே குரலில், கணீரென்று பேச ஆரம்பித்தார்.

"அத்தாயி, கேளு கண்ணு. அன்னிக்கு உனக்கு நான் காட்டினது கடல் இல்ல. அது என்னன்னு எனக்கே தெரியாது. தெரியாம காட்டிட்டேன். இதுதான் கடல். நம்மூருத் தண்ணியெல்லாம் கீழ கெடக்கும், நாம மேல நின்னு எட்டிப் பாப்போம். இது அப்படி இல்ல கண்ணு. இது எந்திரிச்சு நிக்குது. இதுக்கு முன்னால நாமதான் கீழ நிக்கோணும். ஒரு பார்வையில அடங்க மாட்டேங்குது, கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாக்கோணும். காலையில உள்ள போயிட்டு வந்தேன். உள்ள போயிட்டா நம்ம பூமிதான் நூலாட்டம் தெரியுது. நீ கேட்ட பாரு, அக்கரை. அது இல்ல. தண்ணியிலயே பொறந்து வளந்தவரே இல்லைன்னு சொல்லிட்டாரு. இப்ப நிலா வருது. தண்ணிக்குள்ள இருந்துதான் வருது, ஒரு சொட்டு நனையல. தண்ணி மேல அது வந்த தடம் நம்ம காலு வரைக்கும் இருக்குது. நான் நவுந்தா அதுவும் என்கூடவே நவுருது..."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் யாரோ குடித்துவிட்டுப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக நெருங்கி வந்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண், சுண்டல் தூக்கோடு ஒருவர், காலேஜ் பெண்கள் நாலைந்து பேர். எல்லாரும் அவர் கை காட்டிய பக்கமெல்லாம் பார்த்தார்கள். அந்தக் கடற்கரையிலேயே பிறந்த சுண்டல்காரரும் பார்த்தார். நானும் பார்த்தேன். துணி காயவிடாத, இரும்பைத் தின்கிற, நான் மதிக்கவே மதிக்காத அந்தக் கடலை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. எவ்வளவு பெரியது! இதைத்தான் நான் "கடலாம் கடல்" என்று சொல்லி ஒருத்தியை வீட்டோடு உட்கார வைத்தேன். அவளுக்கு மிச்சமிருந்தது ஒரு மாதம்தான்.

"இன்னுஞ் சொல்லோணும். சொல்லத் தெரியல கண்ணு" என்று அவர் நிறுத்தினார். கூட்டம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுக் கலைந்தது. அம்சவேணி அக்கா போய் அவருடைய நனைந்த வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டார்.

நான் அவர் பக்கத்தில் போனேன். "அண்ணா, கூட்டிட்டுப் போகட்டுமான்னு நீங்க கேட்டீங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்றேன்.

"நீங்க நல்லதுக்குத்தானுங்க சொன்னீங்க. உங்க மேல ஒண்ணும் இல்லீங்க." நிலாவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒண்ணே ஒண்ணு நர்சம்மா" என்றார்.

"சொல்லுங்கண்ணா."

"இனிமே எங்க மலையில அத்தாயியாட்டம் யாராச்சும், போயிட்டு வரட்டுங்களான்னு உங்ககிட்ட வந்து கேட்டா, வழியில செத்தாலும் பரவால்ல போயிட்டு வான்னு சொல்லி அனுப்புங்க."

சரிண்ணா என்றேன்.